பின்சீட்டு இல்லாத வண்டி

ஆவுடைச்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் கொம்பையா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, உள்ளே இருந்து குளுகுளுவென்று காற்று வந்து முகத்தில் அடித்ததும் ‘ஆத்தாடி’ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். எட்டு மாசமாக அவள் பார்த்ததெல்லாம் வீட்டு உத்தரமும் கொடியில் காய்கிற துணியும் ஊசி போடுகிற ஆஸ்பத்திரி வராந்தாவும்தான். இந்தா, இப்போது வண்ணாரப்பேட்டை நடுவில் இவ்வளவு பெரிய கடை, பூராவும் பிள்ளைச் சாமான். கட்டை விரலில் மாட்டுகிற அளவுக்குச் செருப்பு. அதில் பூ வேறு. யார் போட்டு நடக்கப் போகிறதாம் என்று சிரிப்பு வந்தது, உடனே ஒரு ஜோடியை எடுத்து விரலில் மாட்டியும் பார்த்தாள். கை ரெண்டும் சும்மா தொங்குவதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. இடுப்பில் ஒன்று இல்லை, தோளில் ஒன்று எச்சில் வடித்துக்கொண்டு இல்லை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று இல்லை. எதையோ பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவள் மாதிரி தன்னையே தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றையும் விடவில்லை. பேச்சி, இசக்கி, மாடன் எல்லாம் வீட்டில் அப்பன் சொரிமுத்துவோடும் ஆச்சியோடும் இருக்கிறதுகள். பள்ளிக்கூடத்துக்கென்று நீளநீளமாக வேறே பெயர் இருக்கிறது, அது சர்டிபிகேட்டோடு சரி. வருகிற வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும், ‘எனக்கு இருக்கிறது ஒரு மடிதானட்டி, இதுக எல்லாம் எங்கன உக்காரும்?’ என்று கொம்பையா ஊர் பூராவும் கேட்டுக்கொண்டு திரிகிறான். என்ன சீர் வேண்டும் என்று அவன் கேட்டபோது மோதிரமா கொலுசா என்று மாமியார் வாயைத் திறக்குமுன்னால், ‘வண்டி’ என்று சொல்லிவிட்டாள் ஆவுடை. பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி. அது மட்டும் வாய்த்துவிட்டால் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் நாளைக் காலையிலேயே அவள் ஒருத்தியாக, யாரையும் கூப்பிடாமல், யாரும் கை சும்மா இருக்கிறார்களா என்று பார்க்காமல், அத்தனை பேரையும் வண்டியில் வைத்து வாய்க்கால் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவாள். போய் என்ன செய்ய? ஒன்றும் செய்ய வேண்டாம். நின்று தண்ணீரைப் பார்ப்பாள். எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட அது முடியவில்லை. ரெண்டு கையில் ரெண்டு பிள்ளையைத் தூக்கலாம், மிச்சத்தை யார் தூக்க? அந்த மிச்சத்துக்காக ஒரு ஆளைக் கெஞ்ச வேண்டும், அந்த ஆள் குளித்துவிட்டு வர வேண்டும், அதற்குள் ஒன்றுக்குப் பசிக்கும், ஒன்று பேண்டுவைக்கும், வெயில் ஏறிவிடும், சரி நாளைக்குப் பார்ப்போம் என்று ஆகிவிடும். நாளைக்கு நாளைக்கு என்றே எட்டு மாசம்.

‘தள்ளுவண்டி எங்கனம்மா இருக்கு?’ என்று கொம்பையா கடை பூராவும் கேட்கிற மாதிரி கேட்டான். மினிபஸ் ஓட்டுகிறவன், அவனுக்குப் பைய பேச வராது. ஸ்டெல்லா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் ஓடிவந்து, ‘அண்ணாச்சி, தள்ளுவண்டி இல்ல, ஸ்ட்ரோலர்’ என்றாள். ‘தள்ளுனா போகுமா போகாதா?’ ‘போகும்.’ ‘அப்ப தள்ளுவண்டிதான, பேரை மாத்தினா ரெக்கையா முளைக்கும்?’ அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ‘எத்தனை பேபிக்கு அண்ணாச்சி?’ கொம்பையா ஆவுடையைப் பார்த்தான். ஆவுடைக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது, வந்தது அங்கேயே நின்றுவிட்டது. வீட்டில் அந்த எண்ணைச் சொல்லக் கூடாது. ஆகாத எண், பிள்ளைகளை அப்படி எண்ணினால் கண் பட்டுவிடும் என்று மாமியார் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். ஊசி போட வருகிற நர்ஸிடமும், பால் ஊற்றுகிறவனிடமும், கல்யாண வீட்டில் விசாரிக்கிறவர்களிடமும் மாமியார் சொல்கிற கணக்கு ‘ரெண்டும் ஒண்ணும்’. ‘எங்க மருமகளுக்கு ரெண்டும் ஒண்ணுமா பிள்ளை இருக்கு.’ கேட்டுக் கேட்டு ஆவுடைக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ‘ரெண்டும் ஒண்ணும்’ என்றாள். ஸ்டெல்லாவுக்குப் புரியவில்லை. ‘ரெண்டு பெரிய பிள்ளையும் ஒரு கைப்பிள்ளையுமாக்கா?’ ‘இல்லம்மா, எல்லாம் ஒண்ணாத்தான் வந்துச்சு.’ ‘அப்ப ட்ரிப்லெட்டா! ஐயோ அக்கா!’ என்று அந்தப் பெண் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டாள், பக்கத்துக் கவுண்டரில் இருந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், ஆவுடைக்குக் கூச்சமும் பெருமையும் ஒருசேர ஏறிக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் ஒரு ஓரத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. ரெண்டும் ஒண்ணும் என்றால், ரெண்டு சேர்ந்து ஒரு பக்கம் போய்விடுகிறது. அந்த ஒண்ணு யார்?

ஸ்டெல்லா இழுத்துக்கொண்டு வந்த வண்டியைப் பார்த்ததும் முள்ளாவது ஒன்றாவது, எல்லாம் பறந்துபோயிற்று. நல்ல ரத்தச் சிவப்பு. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருக்கை, ஒவ்வொன்றுக்கும் தலைக்குமேல் குட்டிக் கூரை, சக்கரம் ஒவ்வொன்றும் பூரித்தட்டு அளவு. கொம்பையா குத்தவைத்து உட்கார்ந்து சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான், பிரேக்கை மிதித்துப் பார்த்தான், கைப்பிடியைப் பிடித்து ஒரு வளைவு வளைத்தான். ‘ஏட்டி ஆவுடை, அச்சு அசல் நம்ம பஸ்ஸு கணக்கா இருக்கு பாரு. அகலம் கம்மி, நீளம் கூட. உங்க தெருவுல எதிர்த்தாப்புல எருமை வந்தாலும் ஒதுங்கிப் போயிரலாம். சீருக்குன்னே சொல்லி வச்சாப்புல செவப்பு வேற.’ ஆவுடை பைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தாள். துணி காயப்போடுகிற ஊதா நைலான் கயிறு. காலையில் கிளம்புமுன்னால் வீட்டு கேட்டைத் திறந்துவைத்து, இந்தக் கம்பத்துக்கும் அந்த இரும்புக்கும் நடுவே பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கேட்டைத் தாண்டாத வண்டி வீட்டுக்கு வந்து என்ன பிரயோசனம்? கயிற்றை வண்டிக்குக் குறுக்கே பிடித்தாள். தாராளமாகப் போகும், இந்தப் பக்கம் ஒரு பூனையும் அந்தப் பக்கம் ஒரு பூனையும் கூடவே போகலாம். அவ்வளவுதான், முடிந்தது, நாளைக்கு வாய்க்கால் பாலம். அந்தக் காலை வெயில்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது, வண்டிக் கூரையில் சிவப்பாகப் பட்டு, பிள்ளைகள் முகத்தில் அந்தச் சிவப்பு விழுந்து. ‘டெமோ காட்டுறேன் இருங்கக்கா’ என்று ஸ்டெல்லா ரெண்டு பொம்மைகளை எடுத்துவந்து, கண்ணை மூடித் திறக்கிற பொம்மைகள், முன்னால் ஒன்று நடுவில் ஒன்று உட்காரவைத்து வாரைப் போட்டாள். அப்புறம் இங்கேயும் அங்கேயும் தேடினாள். பொம்மை ரெண்டுதான் இருந்தது போல. ஒரு துண்டை எடுத்துச் சுருட்டிப் பின் இருக்கையில் வைத்து, ‘இதை ஒரு பேபின்னு வச்சுக்கோங்க’ என்றாள். ‘பின்னால யாரை வைப்பீங்கக்கா, சின்னதையா? பின்னால உள்ளவங்களுக்கு முன்னால ஒண்ணும் தெரியாது. ஆனா பரவால்ல, தூங்கிருவாங்க.’

பின்னால. அந்த ஒரு சொல்தான். பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோது மதுரையில் ஸ்கேன் எடுத்த அந்த இருட்டு அறை, வயிற்றில் தடவின பசையின் சில்லிப்பு, தொடை இடுக்கெல்லாம் கூசினது, பக்கத்தில் நாற்காலி நுனியில் சொரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா நல்ல மனுஷி, தலை நரைத்தவள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினாள். ‘பொறுமையா கேளும்மா. மூணையும் சுமந்தா உனக்கும் கஷ்டம், மூணுக்கும் ஆபத்து வரலாம். ஒண்ணைக் குறைச்சுட்டா மத்த ரெண்டும் நல்லா வளரும். முடிவு நீங்கதான் எடுக்கணும்.’ திரையில் சாம்பல் நிறத்தில் மழைநாள் மாதிரி என்னமோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளை அம்புக்குறி நகர்ந்து நகர்ந்து போய் ஒரு இடத்தில் நின்றது. ‘இந்தா, பின்னால ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, இதை.’ அம்பு அங்கேயே நின்றது. டாக்டரம்மா வேறு என்னவெல்லாமோ சொன்னாள், ஆவுடை அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் நகர்த்தினால் என்ன, அந்த அம்பை எடுத்துத் தொலைத்தால் என்ன என்று. வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சொரிமுத்து, ‘நீ சொல்லு, நீ சொல்லுததுதான்’ என்றான். ஆவுடை ஒன்றும் தைரியசாலி இல்லை. சரி என்று சொல்லத்தான் எழுந்து போனாள். சத்தியமாகச் சரி என்று சொல்லத்தான். கதவைத் திறந்ததும் வாயில் வந்தது ‘இருக்கட்டும்.’ ‘எதும்மா?’ என்றாள் டாக்டரம்மா. ‘எல்லாம்.’ டாக்டரம்மா எழுந்துவந்து, ‘சரி, எல்லாரும் சேர்ந்து இழுப்போம்’ என்று சொல்லித் தலையில் கைவைத்தாள். அந்தக் கையின் கனம் இப்போதும் உச்சியில் இருக்கிறது. மாமியாருக்குத் தெரியாது, கொம்பையாவுக்குத் தெரியாது. அவளும் சொரிமுத்துவும்கூட அதற்கப்புறம் அதைப் பேசினதில்லை.

‘என்னட்டி மலைச்சுப்போய் நிக்க? பில்லு போடச் சொல்லட்டா?’ என்றான் கொம்பையா. ‘இரு அண்ணே, கொஞ்சம் இரு’ என்றாள். கை தானாகவே போய் அந்தத் துண்டைத் தொட்டது, சும்மா சுருட்டின பூத்துவாலை, அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னால் இருந்தது யார்? எத்தனை தடவை இந்த இடத்துக்கு வந்து திரும்பியிருக்கிறாள். மாடனாக இருக்கும், அவன்தான் சின்னது, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து கடைசியாக வீட்டுக்கு வந்தவன். ஆனால் வயிற்றுக்குள் பிள்ளைகள் புரண்டு இடம் மாறிக்கொண்டே இருக்குமாமே, நர்ஸ் சொன்னாள். அப்படியானால் பேச்சியோ, எப்போதும் காலை உதைத்துக்கொண்டு முன்னால் முன்னால் வருகிறாளே, ஒருவேளை பின்னால் கிடந்த கோபமோ. இல்லை, இசக்கி. இசக்கிதான். மற்றதுகள் பால் குடிக்கும்போது அழாமல் கொள்ளாமல் தன் கைமுட்டியைத் தானே சப்பிக்கொண்டு, உனக்கு எப்போ சௌகரியமோ அப்போ தா என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு கிடக்குமே, அந்தப் பார்வை. மார்பு ரெண்டுதானே. எந்த நேரமும் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். முறை மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறாள், ஆனால் அழுகிறதைத்தானே கை முதலில் எடுக்கிறது, சும்மா கிடக்கிறது பிந்திப்போகிறது. சரி, வண்டியிலும் முறை வைத்துக்கொண்டால் என்ன? இன்றைக்கு இது பின்னால், நாளைக்கு அது. நல்ல யோசனைதான் என்று ஒரு நிமிஷம் மனசு குதித்தது, உடனே கீழே விழுந்தது. எது பின்னால் உட்கார்கிறதோ அன்றைக்கு அதன் மேல் அம்பு வந்து நிற்குமே. பாலத்துக்குப் போய்த் தண்ணீரையா பார்ப்பாள், அந்தப் பின் இருக்கையைத்தானே பார்ப்பாள். ‘பைத்தியமாட்டி நீ’ என்று தன்னைத்தானே வைதாள். ஒரு வண்டி வாங்க வந்த இடத்தில் இத்தனை கூத்தா. அந்நேரம் பில் போடுகிற பக்கம் யாரோ ஒருத்தியின் கைப்பிள்ளை வீல் என்று அழுதது. அவ்வளவுதான், ஆவுடைக்கு நெஞ்சு இறுகிச் சுரீர் என்று பால் இறங்கி ரவிக்கை நனைந்துவிட்டது. அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். யார் பிள்ளை என்று பார்க்கிறதா இந்தப் பால்? முன்னால் அழுததா பின்னால் அழுததா என்று கேட்கிறதா? சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, நனைந்த ரவிக்கையோடு நடுக்கடையில் நின்று தனியாகச் சிரித்தாள். வீட்டிலும் அழுதுகொண்டிருக்கிறதோ என்னவோ, சீக்கிரம், சீக்கிரம் என்று உடம்பு பறந்தது.

‘ஏம்மா ஸ்டெல்லா, எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உக்காருத மாதிரி வண்டி இல்லையா?’ என்று கேட்டாள். ‘இருக்குக்கா, ஆனா யாரும் கேக்க மாட்டாங்க, ரொம்ப அகலம்’ என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தொட்டில்களுக்குப் பின்னால் போய் பிளாஸ்டிக் தாளை உருவினாள். உள்ளே கன்னங்கரேல் என்று ஒன்று நின்றது. ஆவுடை கிட்டே போனாள். இருக்கைகள் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில். அவள் பொம்மையையும் வைக்கவில்லை, துண்டையும் வைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், இங்கிருந்து பார்த்தால் எல்லா உச்சந்தலையும் தெரியும். முன்னால் சுற்றிப் போய்க் குத்தவைத்துப் பார்த்தாள், எல்லா முகமும் தெரியும். ஒன்று மற்றதன் கையைப் பிடித்துக் கடிக்கலாம், மயிரைப் பிடித்து இழுக்கலாம், தண்ணீரைப் பார்க்கலாம், எருமையைப் பார்க்கலாம். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, கல்யாணச் சேலை எடுக்கப்போனபோதுகூட இப்படி அடித்ததில்லை. ‘இதுதான்’ என்றாள். கொம்பையா தலையில் கைவைத்தான். ‘என்னட்டி கறுப்பா இருக்கு! மாமன் சீரைக் கறுப்புல கொண்டாந்து இறக்குனா ஊரு காறித் துப்பாதா?’ ‘நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவிரு அண்ணே.’ ‘சரி, மஞ்சளைத் தடவுதேன், அகலத்துல என்னத்தத் தடவ? இந்தா உன் கயித்தைப் பிடி.’ பிடித்தாள். முடிச்சையும் தாண்டி ஒரு சாணுக்கு மேல் வண்டி துருத்திக்கொண்டு நின்றது. ரெண்டாவது தடவை பிடித்தாள், கயிற்றை இழுத்துப் பிடித்தாள், நைலான் கயிறு, கொஞ்சம் நீளும் என்று பார்த்தால் ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது. ‘கேட்டை இடிச்சுக்கிடலாம்’ என்றாள். ‘கேட்டை நீ இடி, உன்னை உங்க மாமியா இடிப்பா.’ ‘அப்ப வண்டி தெருவுல நிக்கட்டும். நான் ஒவ்வொண்ணாத் தூக்கியாந்து வைக்கேன்.’ ‘ஒண்ணை வச்சிட்டு அடுத்ததை எடுக்க உள்ள போவே, அதுக்குள்ள அதை நாய் மோந்து பாத்துட்டுப் போகும். விளங்குமாட்டி இது? பாலத்துக்குப் போகணும், தன்னால போகணும்னு எட்டு மாசமாப் புலம்புனே. செவப்பு வண்டின்னா நாளைக்கே போவே. இதை வாங்குனா வாசல்லயே நிப்பே.’ அவன் சொன்னது அத்தனையும் சரி. அவளுக்குத் தெரியாதா? சிவப்பு வண்டியைத் திரும்பிப் பார்த்தாள், எவ்வளவு அழகாக இருக்கிறது, பின்னால் அந்தத் துண்டு சுருண்டு கிடக்கிறது. ‘அதுல பின்சீட்டு இருக்கு அண்ணே.’ ‘பின்சீட்டுன்னா என்ன, எங்க பஸ்ஸுல பின்சீட்டுக்குத்தான் அடிபிடி!’ ‘எனக்கு வேண்டாம்.’ ‘ஏன்னு சொல்லித் தொலையேன்.’ இதை எப்படிச் சொல்ல, எந்தப் பக்கம் தொட்டு ஆரம்பிக்க? தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் கொம்பையா குரல் இறங்கிவிட்டது. சின்ன வயசிலிருந்து அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது. ‘சரி சரி, கறுப்பே இருக்கட்டும். மாமன் கறுப்பு, வண்டியும் கறுப்பு. ஏம்மா, அந்தக் காக்காவைப் பில்லு போடு.’

கைப்பிடியை ஆவுடை யாரிடமும் விடவில்லை. அவளே தள்ளிக்கொண்டு வந்தாள், வெறும் வண்டி, வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது, சாமான் அடுக்கின தட்டுகளை இடிக்காமல் வளைத்து வளைத்துக் கொண்டுவருவதில் ஒரு ருசி வந்துவிட்டது அவளுக்கு. பயம் ஒரு பக்கம் கிடந்தது, வாசல் என்ன ஆகும், மாமியார் என்ன சொல்வாள், நாளைக்கும் நாளைக்கு என்றே போய்விடுமோ என்று. சந்தோஷம் அதன் தலைக்குமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடை வாசலுக்கு வந்ததும் டம் என்று நின்றது வண்டி. கண்ணாடிக் கதவுக்குள் போகவில்லை. ‘பாத்தியா, கடையை விட்டே வெளிய வர மாட்டேங்குது, இது வீட்டுக்குள்ள போகப் போகுதாக்கும்’ என்று கொம்பையா சிரித்தான். பின்னால் வருகிறவர்கள் கூடி நிற்க ஆவுடைக்கு முகம் செத்துப்போயிற்று. வாச்மேன் தாத்தா ஸ்டூலைவிட்டு எழுந்துவந்தார். ‘கொஞ்சம் பின்னால இழும்மா’ என்று சொல்லிவிட்டுக் குனிந்து, பக்கத்துக் கண்ணாடியின் அடியில் தரைக்குள் குத்தியிருந்த தாழ்ப்பாளை மேலே தூக்கினார், அதைப் பிடித்துத் தள்ளினார். சுவர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த கண்ணாடி முழுசாகத் திறந்துகொண்டது. வெளியே இருந்து வெயிலும் பஸ் ஹாரனும் ஒன்றாக உள்ளே வந்தன. ‘இது எப்பவுமே பூட்டித்தான் கிடக்கும். பெரிய சாமான் வந்தாத்தான் திறக்கிறது’ என்றார் தாத்தா.

ஆவுடை வாசலின் நடுவில் அப்படியே நின்றாள். வீட்டு கேட். இரும்பு கேட். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் போவதும் வருவதும் ஒரு கதவு வழியாகத்தான். அதற்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் உரிந்துபோய், அதன் மேல் சொரிமுத்துவின் ஸ்கூட்டர் சாய்ந்து, மாமியாரின் கால்மிதி தொங்கி, மேலே பிச்சிக்கொடி படர்ந்து, எட்டிப் பார்க்கிற பூனையைத் தவிர யாரும் ஒரு வேலைக்கும் தொடாத அந்த இன்னொரு இரும்பு. காலையில் கயிற்றின் ஒரு நுனியை அதன் விளிம்பில்தான் வைத்துப் பிடித்தாள். அதைக் கதவு என்றே நினைக்கவில்லையே! சுவர் மாதிரி, கம்பம் மாதிரி, அதிலிருந்தே அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாளே! ‘அண்ணே, போனைக் கொடு, போனைக் கொடு’ என்று பறந்தாள். மறுமுனையில் சொரிமுத்து, ‘என்ன, வண்டி கிடைச்சிட்டா? சீக்கிரம் வாட்டி, தூங்குதுக, எந்நேரமும் முழிச்சிரும்’ என்றான். ‘கேட்டோட இன்னொரு கதவைத் திறந்து வைங்க.’ ‘எந்தக் கதவு?’ ‘நம்ம வீட்டு கேட்டுக்கு ரெண்டு கதவுங்க!’ செருப்பு தேய்கிற சத்தம், வாசலுக்குப் போகிறான். ‘ஏ, ஆமாட்டி’ என்றான் சொரிமுத்து, அந்தக் கேட்டை அன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி. ‘தாழ்ப்பாளு துரு ஏறி இறுகிக் கிடக்கு. அது திறக்குமா?’ ‘கல்லை எடுத்துத் தட்டுங்க.’ ‘தட்டுனா பிள்ளைக முழிச்சிருமே.’ ‘முழிக்கட்டும், தட்டுங்க!’ என்று நடுவாசலில் நின்று கத்தினாள். வாச்மேன் தாத்தா ரெண்டு கதவையும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். போனில் ணங் என்று ஒரு அடி கேட்டது. ‘ஏலே, எதை உடைக்கே?’ என்று மாமியார் குரல். ணங், ணங். ஒன்று வீரிட்டது, ஒரு மூச்சு விடுமுன்னால் மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. எல்லாம் ஒரே அழுகையாகப் போனுக்குள் நிறைந்தது, எது யார் குரல், எது முதலில் எது கடைசி என்று ஆவுடைக்கே பிரிக்கத் தெரியவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ரெண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ‘இந்தா வாரேன், இந்தா வந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே வண்டியை வெயிலுக்குள் தள்ளினாள்.